பன்றிக்கு வைத்த கம்பி

(தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



போன மாதம் பிள்ளைகளின் போஷாக்கைப் பற்றிப் பேசினோம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் மேல் லயத்து அம்மா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, மரக்கறி நடுங்க, பிள்ளைகளுக்குக் கீரை குடுங்கன்னு சொல்லிட்டு நீங்க போயிருவீங்க. நட்டதெல்லாம் ராத்திரியில பன்னி கிளறிட்டுப் போகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இன்று வேறு விஷயம் எடுக்காமல் இதையே பேச வந்தேன்.

இந்த நட்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. நாலு பாத்தி போஞ்சி, கொஞ்சம் கோவா, ஓரத்தில் மரவள்ளி. கொழுந்து குறைந்த மாதத்தில் அடுப்பு எரிவது அதை நம்பித்தான். மூன்று மாதம் தண்ணீர் சுமந்து வளர்த்ததை ஒரே இரவில் இழந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்திருக்கிறது. என் வீட்டுக்குப் பின்னால் இருந்த வத்தாளைக் கிழங்கை முள்ளம்பன்றி இரண்டு தடவை முடித்துவிட்டது.

கோபத்தில் நாம் என்ன செய்கிறோம்? பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியை எடுத்துச் சுருக்குப் போடுகிறோம். சும்மா சொல்லக்கூடாது, சிலர் தோட்டத்தைக் காக்க வைக்கிறார்கள், சிலர் இறைச்சிக்காகவே வைக்கிறார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். இங்கே யாருடைய பேரையும் நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருஷம் நம் பிள்ளை ஒன்று பந்து பொறுக்க மானாப்புல்லுக்குள் ஓடியது. கணுக்காலில் கம்பி மாட்டியது. பயத்தில் இழுக்க இழுக்க அது இறுகியது. அண்ணன்காரன் ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டு, குறட்டால் வெட்டி எடுப்பதற்குள் சதை கிழிந்துவிட்டது. மூன்று கிழமை பாடசாலை இல்லை. அன்று இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். அந்தப் பிள்ளையின் சொந்த மாமன். கம்பி வைத்தவர் அவர்தான். வாசலில் உட்கார்ந்து அழுதார். "நான் பன்னிக்குத்தாங்க வச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இதை இங்கே சொல்லச் சொன்னவரும் அவர்தான்.

கம்பிக்கு பன்றி எது, பிள்ளை எது, நாய் எது என்று தெரியாது. 2020 மே மாதம் 26ஆம் திகதி நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்து மரக்கறி நிலத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டிய சங்கதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கழுத்தில் கம்பி. வனஜீவராசிகள் திணைக்களத்தார் வந்து மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். 29ஆம் திகதி செத்துப் போனது. அப்படிக் கறுப்பாக இருப்பதைக் காண்பது மிக அபூர்வம். அதற்கும் யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை.

சிறுத்தையைப் பற்றிப் பேசினால் சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நாயைத் தூக்குகிறது, கொழுந்தெடுக்கும் மலையில் ஆளைக் காயப்படுத்தியும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பன்றியையும் முள்ளம்பன்றியையும் நமக்காகக் குறைத்துத் தருவதும் அதே சிறுத்தைதான். அதைக் கொல்வது 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பன்றிக்குத்தான் வைத்தேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று யாரும் நம்ப வேண்டாம்.

இதைவிட மோசமான வேலை ஒன்று உண்டு. லயத்து மின்சாரத்தை நேரே கம்பி வேலிக்குக் கொடுப்பது. தயவு செய்து வேண்டாம். அதிகாலையில் மலசலகூடத்துக்குப் போகிற கிழவி காலில் செருப்பில்லாமல் ஈரத்தில் நடப்பாள். அந்த வேலியைத் தொட்டால் நாம் பார்க்கப் போவது பிரேதத்தைத்தான். இந்த நாட்டில் அப்படிச் செத்தவர்கள் நிறைய. நஞ்சு வைப்பதும் அப்படித்தான். பன்றிக்கு வைத்ததை நாயும் கோழியும் தின்னும், மழை பெய்தால் காணு வழியாகப் பீலித் தண்ணீரிலும் கலக்கும்.

சரி, அப்போ என்ன செய்வது?

முதலில் குப்பை. பன்றிக்குக் கண் பார்வை மட்டம், மூக்குதான் எல்லாம். லயத்துக்குப் பின்னால் நாம் கொட்டுகிற சோறு, மீன் தலை, பலாச்சுளைத் தோல் எல்லாம் அதற்கு அழைப்புக் கடிதம். குப்பை தேடி நாய் வரும், பன்றி வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். குழி வெட்டி, தினமும் மேலே மண் போட்டு, தகரத்தால் மூடி, கல் வையுங்கள். கீழ் லயத்தில் ஐந்து வீடு சேர்ந்து இதைச் செய்தார்கள். பன்றி அடியோடு நிற்கவில்லை, ஆனால் தினம் வந்தது எப்போதாவது வருகிறது என்கிறார்கள்.

அடுத்தது வேலி. மேலே உயரமாகக் கட்டி என்ன பயன், பன்றி தலையைக் கொடுத்துக் கீழாலேதான் தூக்கும். முள்ளம்பன்றியும் தோண்டிக்கொண்டு வரும். ஆகையால் கூரை மாற்றியபோது கழற்றிய பழைய தகரத்தை ஒரு அடியாவது மண்ணுக்குள் இறக்கி நெருக்கமாக நிறுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் பன்றி தயங்கும். தகரம் போதாதவர்கள் கீழே தகரம், மேலே பழைய சேலை கட்டலாம். வீட்டுக்கு வீடு தனி வேலி கட்டினால் யாருக்கும் கட்டுப்படியாகாது. பத்துத் துண்டையும் ஒன்றாக வளைத்தால் தகரமும் குறையும், ஆளும் கூடும். தலைமயிர் தூவுவது, சவர்க்காரம் கட்டித் தொங்கவிடுவது, டின் தட்டுவது, இதெல்லாம் சில நாளைக்குத்தான். பிறகு அது பழகிக்கொள்ளும். கிழங்கு முற்றியதும் மண்ணில் விட்டுவைக்காமல் தோண்டிவிடுங்கள். துண்டைச் சுற்றிப் பத்தடிக்கு மானாப்புல்லை வெட்டிவிட்டால் பதுங்க இடமில்லாமல் வெட்டவெளிக்கு வரப் பயப்படும்.

கோழி வைத்திருப்பவர்களுக்கு நரி, மரநாய், கீரி. இது சுலபம். கூட்டை இரண்டு அடி உயர்த்தி, அடிப்பக்கமும் சின்னக் கண் உள்ள பலமான கம்பி வலை அடித்து, பொழுது சாய்வதற்குள் கதவைக் கட்டுங்கள். மெல்லிய கோழி வலையைப் பல்லால் பிய்த்துவிடும்.

புதருக்குள் குட்டிகளைக் கண்டால் தூக்கி வராதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். தாய்ப்பன்றி பக்கத்தில்தான் இருக்கும், பாய்ந்தால் தொடையைக் கிழித்துவிடும். எந்த மிருகமாவது சுருக்கில் மாட்டியிருந்தால் கிட்டே போகாமல், கூட்டம் கூடாமல், கூச்சல் போடாமல் 1992 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். நாயோ நரியோ கடித்தால், கீறினால், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசிக்குக் காசில்லை. மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிரட்டுக் களத்தில் கூடுவோம். மேல் லயத்துத் துண்டுகளுக்கு முதலில் வேலி போடலாம் என்று பேசியிருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு ஆளாவது வர வேண்டும், அலவாங்கு இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கோயில் கமிட்டியார் தேத்தண்ணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வாசலில் ஒரு சாக்கு வைத்திருப்பேன். வீட்டில் சுருக்குக் கம்பி வைத்திருப்பவர்கள் அதில் போட்டுவிட்டுப் போகலாம். யார் போட்டது என்று நான் பார்க்க மாட்டேன். முதல் கம்பியைத் தான் கொண்டு வருவதாக அந்த மாமன் சொல்லியிருக்கிறார்.