ஆதன் எனும் பெயர்



பிசிராந்தையார் என்றவுடன் ஆந்தைப் பறவையை நினைவார் உளர். அது பறவைப் பெயரன்று. ஆதனுக்குத் தந்தை 'ஆந்தை', அவர் பாண்டிநாட்டுப் பிசிர் எனும் ஊரினர், ஆகலின் பிசிராந்தையார். ஊர்ப்பெயரும் மகன் பெயரும் சேர்ந்து ஒருவரைச் சுட்டிய பழந்தமிழ் முறை இஃது.

சாத்தன் தந்தை 'சாத்தந்தை' ஆவான். ஆதன், பூதன் எனும் இரு பெயர்களோ மேலும் குறுகி 'ஆந்தை', 'பூந்தை' என நிற்கும். இதற்கெனத் தொல்காப்பியப் புள்ளிமயங்கியல் தனி நூற்பாவே வகுத்தது. இலக்கணம் விதி வகுக்குமளவிற்கு அப்பெயர் மக்கள் நாவில் வழங்கியது.

சேரநாட்டில் நெடுஞ்சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன் என வேந்தர் அதனைப் பூண்டனர். கரூரை அடுத்த புகழூர்ப் பாறையில் 'ஆதன் செல்லிரும்பொறை' எனத் தமிழி எழுத்தில் அது பொறிக்கப்பட்டுள்ளது. வையைக் கரைக் கீழடியிலோ உடைந்த பானையோடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' எனும் பெயர்கள் கீறப்பட்டிருந்தமையைத் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

முடியணிந்த வேந்தனுக்கும் பானையில் பெயர் கீறியவனுக்கும் ஒரே பெயர்! பிறப்பால் உயர்வு தாழ்வு காட்டும் வால் அதற்கில்லை.

அயலெழுத்தின்றி எழுதவியலாப் பெயர்களை மகவுக்குத் தேடியலையும் பெற்றோர் இதனை எண்ணுக. மண் காத்துத் தந்த பெயர், தொட்டிலுக்காகக் காத்திருக்கிறது. தன் மகனை 'ஆதன்' என்றழைக்கும் தந்தை எவனோ, அவனே இன்றைய ஆந்தை!