அயல் நட்சத்திரம் சொன்ன சாட்சி



இலக்கிய நிகழ்ச்சியிலே கருந்துளைக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் சொல்ல வந்தது நட்சத்திரங்களைப் பற்றி மட்டுமன்று. நம்ப மறுத்த பெரிய மனிதர்களைப் பற்றியும்தான்.

பல வருடங்களுக்கு முன், உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்துக் கொண்டிருந்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் கருந்துளை பற்றிக் குறிப்பிட்டேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஒளியே வெளியில வராதெண்டால், அது அங்க இருக்கெண்டு ஆர் சேர் கண்டது?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "நீ முதல்ல சோதனைக்கு வாறதைப் படி, இரு" என்றேன். அவன் இருந்துவிட்டான். உண்மை என்னவென்றால், எனக்கு அன்று விடை தெரியாது. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

விடை 1783 இலேயே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் ஜோன் மைக்கல், இங்கிலாந்தில் யோர்க்ஷயர்க் கிராமமொன்றின் தேவாலயக் குரு. மேலே எறிந்த கல் கீழே வருகிறது. ஒரு செக்கனுக்கு 11 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான வேகத்தில் எறிய முடியுமானால் அது பூமிக்குத் திரும்பாது. அப்படியானால், சூரியனைப் போன்ற அடர்த்தியும் அதைப்போல் 500 மடங்கு விட்டமும் கொண்ட ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்படும் ஒளியும், எறிந்த கல்லைப் போலத் திரும்ப விழுந்துவிடும் என்று மைக்கல் கணக்கிட்டார். அதைக் காண முடியாதே? முடியாதுதான். ஆனால் ஒளிவிடும் வேறொரு நட்சத்திரம் அதைச் சுற்றி வருமானால், அந்த நட்சத்திரத்தின் அசைவைக் கொண்டு நடுவில் இருப்பதை அறியலாம் என்றும் அவரே எழுதிவைத்தார். என் மாணவனின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இன்றும் இல்லை.

ஒளியை அலை என்று கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு இதை மறந்துவிட்டது. பின்னர் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கை வந்தது. முதலாம் உலகப் போரில் ருஷ்யப் போர்முனையில் ஜேர்மன் படையில் இருந்த கார்ல் சுவாட்ஸ்சைல்ட், அதன் சமன்பாடுகளுக்கு முதலாவது செம்மையான தீர்வைக் கண்டு ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். 1916 மே மாதம் அவர் நோயினால் இறந்துபோனார். அவருடைய தீர்வின்படி, சூரியன் முழுவதையும் 3 கிலோமீற்றர் ஆரையுள்ள உருண்டையாக நெருக்கினால் அதிலிருந்து ஒளி வெளியேறாது. பூமிக்கு அந்த ஆரை 9 மில்லிமீற்றர். இதெல்லாம் வெறும் கணித விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். அப்படி எது நெருங்கப் போகிறது?

அந்த இடத்திலேதான் ஒரு தமிழ் இளைஞர் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 ஜூலை இறுதியில், தமது 19 ஆவது வயதில், கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்காகப் பம்பாயிற் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி 'வெண்குள்ளன்' ஆகிறது. ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவே பல தொன் நிறை கொண்ட பொருள் அது. அதற்கு மேலும் சுருங்காதபடி தாங்கி நிற்பவை இலத்திரன்கள். ஓர் ஆசனத்தில் இன்னொருவரை இருக்கவிடாத பஸ் பயணிகளைப் போல, அவை நெருக்கத்தை எதிர்க்கின்றன. ஆனால் திணிவு கூடக்கூட அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை அண்மிக்கிறது. அதைக் கணக்கிற் சேர்த்தபோது, அந்த எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சந்திரசேகர் அந்தக் கப்பற் பயணத்திலேயே கண்டுகொண்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவை இலத்திரன்களால் தாங்க முடியாது.

அக்காலத்தில் பிரித்தானிய வானியலின் தலைமகன் ஆதர் எடிங்டன். 1919 ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையை மெய்ப்பித்தவர்களில் முதன்மையானவர். சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று விசாரிப்பவர். 1935 ஜனவரி 11 ஆம் திகதி லண்டனில் அரச வானியற் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தமது முடிவைச் சொன்னார். அடுத்ததாக எடிங்டன் எழுந்தார். தாம் பேசப் போவதை அவர் ஒரு வார்த்தையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல்நாள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத்தான் இளைஞருக்குத் தெரியும்.

எடிங்டனுக்கு விளங்காமல் இல்லை. எல்லோரையும்விட அவருக்கே நன்றாக விளங்கியது. இந்த இளைஞர் சொல்வது சரியானால் நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கிச் சில கிலோமீற்றர் அளவாகி, தன் ஒளியைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவர் அங்கேயே சொன்னார். கருந்துளையை அப்படியே வருணித்துவிட்டார்! பிறகு, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்றார். சபை சிரித்தது.

அந்தச் சிரிப்பைப் பற்றி முதன்முதலாக வாசித்தபோது, எனக்கு என் வகுப்பறைச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

போர், பவுலி போன்ற பௌதிக அறிஞர்களின் கருத்துக் கேட்கப்பட்டது. சந்திரசேகர் சொல்வதே சரி என்று அவர்கள் தனிப்பட ஒப்புக்கொண்டார்கள். பகிரங்கமாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. எடிங்டனின் பிழையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இந்த மௌனந்தான். சந்திரசேகர் சிக்காகோவுக்குப் போனார். தம் முடிவுகளை ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்கு மாறினார். எடிங்டனோடு நட்பை முறிக்கவில்லை. 1983 இல் நோபல் பரிசு வந்தது.

1939 செப்டெம்பர் 1 ஆம் திகதி, ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், ஒப்பன்ஹைமரும் சினைடரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. போதிய திணிவுள்ள நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் முடிவின்றிச் சுருங்கும் என்று அது காட்டியது. அதே ஆண்டில், இத்தகைய பொருள்கள் இயற்கையில் இருக்க முடியாது என்று ஐன்ஸ்டைனே ஒரு கட்டுரை எழுதினார். தம் சமன்பாடு பெற்ற பிள்ளையை அவரே ஏற்கவில்லை. 'கருந்துளை' என்ற பெயரைப் பரவச் செய்தவர் ஜோன் வீலர், 1967 இல். அது எனக்கு அவ்வளவு பிடித்த பெயரன்று. துளை என்றால் வெறுமை. இதுவோ திணிவு செறிந்த இடம்.

மைக்கல் சொன்ன சாட்சி 1971 இல் கிடைத்தது. சிக்னஸ் என்னும் அன்ன வடிவ விண்மீன் கூட்டத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவது 1964 இலேயே தெரிந்திருந்தது. அந்த இடத்திலுள்ள நீல நட்சத்திரமொன்று, கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்றோடு கைகோத்து 5.6 நாட்களுக்கு ஒருமுறை சுற்றுவதை இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் போல் மேர்டினும், கனடாவில் தொம் போல்ற்றனும் கண்டார்கள். அந்தத் துணையின் திணிவு நியூத்திரன் நட்சத்திரம் ஒன்றுக்கு இருக்கக்கூடிய எல்லையைத் தாண்டியது. சூரியனைப் போல் சுமார் 21 மடங்கு என்பது 2021 இல் வந்த கணிப்பு. அது கருந்துளை அல்ல என்று ஸ்ரீபன் ஹோக்கிங் 1974 இல் ஒரு சஞ்சிகைச் சந்தாவைப் பந்தயமாகக் கட்டினார். வாழ்நாளெல்லாம் கருந்துளையை ஆராய்ந்தவர் ஏன் அப்படிக் கட்டினார்? ஆராய்ந்தது வீணானாலும் சந்தாவாவது மிஞ்சும் என்றுதான். 1990 இல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

2015 செப்டெம்பரில், இரு கருந்துளைகள் மோதி ஒன்றானதால் எழுந்த ஈர்ப்பு அலை பூமியிற் பதிவானது. 2019 இல், எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழற்படத்தைப் பத்திரிகைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆயினும் என் மாணவனுக்குக் காட்டுவதானால் அந்தப் படத்தைக் காட்டமாட்டேன். எஸ் 2 என்ற நட்சத்திரத்தின் பாதையைத்தான் கரும்பலகையில் வரைவேன். எங்கள் பால்வீதியின் நடுவே, சூரியனைப் போல் 40 இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட திணிவுள்ள, ஒளியற்ற ஒன்றை அது 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. ரைன்ஹாட் கென்செல், அன்ட்ரியா கெஸ் ஆகியோரின் இரு குழுக்கள் அதைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தன. இருவருக்கும் 2020 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2018 மே மாதம் அந்த நட்சத்திரம் நடுவிடத்தை மிக நெருங்கி, செக்கனுக்கு 7000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வளைந்து திரும்பியது. இனி 2034 இல் வரும்.