நாய் விடுதிக்கு ஆகும் செலவு

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு யாத்திரை புறப்படுகிறவர்கள், இரயில் கட்டணத்தையும் தங்குமிடச் செலவையும் கணக்கிடும்போதே, வீட்டில் வளரும் நாயை விடுதியில் விட்டுச்செல்வதற்கான செலவையும் அவசியம் சேர்த்தெழுத வேண்டும். பிராணியின் பருமனுக்கும் ஆகாரத்துக்கும் ஏற்ப விடுதிக்காரர்கள் தினக்கட்டணம் விதிக்கிறார்கள். நாளொன்றுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10 நாளைக்கு 7,000 ரூபாய் ஆகிறது.

இத்தொகை அதிகமென்று தோன்றலாம். ஆயினும் வேளை தவறாத உணவு, நாள்தோறும் நடை, இருப்பிடத்தைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆள், அவசர காலத்தில் வந்து பார்க்கும் கால்நடை வைத்தியர் ஆகிய யாவும் அதனுள் அடங்க வேண்டியவையாதலால், மிக மலிவான இடத்தைக் கண்டு மகிழுமுன், அங்கே எதைக் குறைத்து மலிவாக்கினார்கள் என்று நேரில் சென்று விசாரிப்பதே விவேகம். நாய்களைத் தாக்கும் 'பார்வோ' வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கக்கூடியது. ஆகையால் வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றுக்கான தடுப்பூசிச் சான்றைக் கேளாமல் நாய்களைச் சேர்க்கும் விடுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

விடுதிச் செலவுக்கு அஞ்சி, பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம்மையே நம்பி வாழும் ஜீவனுக்குரிய பணத்தை, பிரயாணச் சீட்டு வாங்கும் நாளிலேயே ஒதுக்கி வைப்பது நமது தர்மம்.