எபிசோட் 41: கடன் வாங்கின பி.டி. பீரியட்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு மாற்றியது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சிடுங்க. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் சொதப்பி, ராத்திரி மூணு மணி வரைக்கும் ரோல்பேக் பண்ணிட்டு இருந்தோம். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

இன்னிக்கு ஸ்கூல் பத்திப் பேசப் போறேன். ஆமா, 28 வயசுல ஸ்கூல் பத்தித்தான். காரணம் என் சித்தி பொண்ணு. கோவில்பட்டியில அரசுப் பெண்கள் பள்ளியில ப்ளஸ் ஒன் படிக்கிறா. புதன்கிழமை ஸ்டாண்டப் மீட்டிங் நடுவுல போன். "அண்ணா, ஒரு நிமிஷம் பேசலாமா?" அவ ஒரு நிமிஷம்னு சொன்னா இருபது நிமிஷம்.

அவளோட இந்த டெர்ம் எப்படிப் போகுதுன்னு அவ வாயாலயே கேட்டேன். செப்டம்பர்ல காலாண்டுத் தேர்வு. அது முடிஞ்ச லீவுல ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம், பக்கத்து கிராமத்துல ஊருணியைச் சுத்தி சீமைக்கருவேலம் வெட்டியிருக்காங்க. கையில முள்ளு குத்தினதோட வந்து, அக்டோபர்ல தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. இது நம்ம காலத்துல கிடையாது. 2022ல ஆரம்பிச்சது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்துல இருந்து கேள்வி வரும். மாநிலம் முழுக்க 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, ரெண்டு வருஷத்துக்கு மாசம் 1,500 ரூபாய் குடுப்பாங்க. நடுவுல கலைத் திருவிழா, அதுல ஒரு நாடகம், இவதான் பாட்டி வேஷம். சாயங்காலம் கணக்கு டியூஷன். காலையில அஞ்சரைக்கு ஹாக்கி.

கோவில்பட்டின்னா வெளியூர்க்காரங்களுக்குக் கடலை மிட்டாய். உள்ளூர்க்காரங்களுக்கு ஹாக்கி. அங்க செயற்கைப் புல் மைதானம் இருக்கு, அரசோட ஹாக்கி விடுதி இருக்கு. இந்திய டீமுக்கு விளையாடுன மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்தான். அதனால அங்க ஒரு பொண்ணு ஹாக்கி மட்டையைத் தூக்கிட்டு நடந்து போனா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

பிரச்சினை இதுதான். குறுவட்டப் போட்டியில இவங்க டீம் ஜெயிச்சாச்சு. அடுத்தது மாவட்ட அளவு, தூத்துக்குடியில. அதே நாள்ல டியூஷன்ல ஒரு முழு டெஸ்ட். டியூஷன் சார், "வரலைன்னா இந்த பேட்ச்ல தொடர வேண்டாம்"னு சொல்லிட்டாராம். சித்தி டெஸ்ட் பக்கம்.

"நீ சொன்னா அம்மா கேப்பாங்கண்ணா"ன்னா.

நான் ஏன்னு கேட்டேன்.

"தினமும் உன்னைத்தான சொல்லித் திட்டுறாங்க? அண்ணனைப் பாரு, ப்ளஸ் ஒன்லயே விளையாட்டை விட்டுட்டு படிச்சான், இன்னிக்கு பெங்களூர்ல இருக்கான்னு."

எனக்கு அங்கதான் மூச்சு நின்னுச்சு. எங்க வீட்டுல இப்படி ஒரு கதை ஓடிட்டு இருக்குன்னு எனக்கே தெரியாது. அந்தக் கதையில உண்மை ஒரு பாதிதான் இருக்கு. மீதிப் பாதியை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

2013. சிவகாசிப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளி, பேர் வேண்டாம். பத்தாவதுல நல்ல மார்க், ப்ளஸ் ஒன்ல கணக்கு-பயாலஜி குரூப். நான் கோ-கோ டீம்ல இருந்தேன். கோ-கோ பார்க்காதவங்களுக்குச் சொல்றேன், 2025 ஜனவரியில டெல்லியில முதல் உலகக் கோப்பையே நடந்து, ஆண்கள் பெண்கள் ரெண்டுலயும் இந்தியா ஜெயிச்ச பிறகும் பார்க்கலைன்னா, சரி, பரவாயில்ல. ஒரு டீம்ல ஒன்பது பேர். எட்டுப் பேர் நடுக்கோட்டுல வரிசையா உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் இந்தப் பக்கம் பார்த்தா அடுத்தவர் அந்தப் பக்கம். ஒன்பதாவது ஆள் விரட்டணும். விரட்டுறவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு திசையில ஓட ஆரம்பிச்சா திரும்பக் கூடாது. எதிர்ப்பக்கம் போகணும்னா, அந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருக்கிற ஆளோட முதுகைத் தொட்டு "கோ" குடுத்துட்டு அவர் இடத்துல உக்காரணும். ஓடுற டீம் மூணு மூணு பேரா உள்ள வரும். ஒரு டர்ன் ஒன்பது நிமிஷம்.

நான் முதல் மூணு பேர்ல ஒருத்தன். வேகம் ஒண்ணும் பெருசா கிடையாது. ஆனா உக்காந்திருக்கிறவங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு செயின் ஓடுவேன், ரெண்டரை நிமிஷம் தாக்குப் பிடிப்பேன். முதல் மூணு பேர் எவ்வளவு நேரம் தாங்குறாங்களோ, அவ்வளவு குறைச்சலா பாயிண்ட் போகும். அதனால அந்த ரெண்டரை நிமிஷத்துக்கு மதிப்பு ஜாஸ்தி.

கேப்டன் ப்ளஸ் டூ அண்ணன். லீவு நாள்ல காலண்டர் பிரஸ்ல தகரப்பட்டை அடிக்கிற வேலைக்குப் போவார். சிவகாசியில ஆடிப்பெருக்கு முடிஞ்சா காலண்டர் சீசன், வேலைக்குக் குறைச்சலே இல்ல. கையில எப்பவும் ஒரு விரல்ல துணி சுத்தியிருக்கும். படிப்புல சுமார்தான். அவர் மனசுல ஒரு கணக்கு இருந்துச்சு. மாவட்டத்துல ஜெயிச்சா மாநிலப் போட்டி. மாநில சர்டிபிகேட் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்கயாவது மனு போடலாம். அந்தக் கணக்கு சரியா தப்பான்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. அவர் அதை நம்பினார். அதுதான் அவருக்குக் கடைசி வருஷம்.

அந்த டெர்ம்ல எங்க டைம்டேபிள்ல பி.டி. பீரியட் வாரத்துக்கு ரெண்டு இருந்துச்சு. காகிதத்துல. ஜூலை வரைக்கும் கிரவுண்டுக்குப் போனோம். ஆகஸ்ட்ல கெமிஸ்ட்ரி மேடம் "இந்த ஒரு தடவை மட்டும் கடன் குடுங்க சார்"னு பி.டி. சார்கிட்ட வாங்குவாங்க. அவரும் பாவம், தலையை ஆட்டிடுவார். பத்து வருஷத்துக்கும் மேல ஆச்சு, அந்தக் கடன் இன்னும் திரும்பி வரல. அதனால பிராக்டிஸ் எல்லாம் காலையில ஆறு மணிக்கு, இல்லைன்னா சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு இருட்டுற வரைக்கும்.

இன்னொரு விஷயம், இதைக் கேக்குற என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்ப ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. நிறைய பள்ளிகள்ல ப்ளஸ் ஒன் பாடத்தைப் பேருக்கு நடத்திட்டு ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சிடுவாங்க. எங்களுக்குக் காலாண்டு முடிஞ்ச உடனே ஆரம்பிச்சாச்சு. அதைத் தடுக்கத்தான் 2017-18ல ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க. இப்ப 2025-26ல இருந்து அதை எடுத்தாச்சு. எடுத்ததுல எனக்குச் சந்தோஷம்தான், மூணு வருஷம் வரிசையா பொதுத்தேர்வுன்னா யாருக்கும் தாங்காது. ஆனா என் தங்கச்சி எழுதப் போற அந்த டியூஷன் டெஸ்ட் எந்தப் பாடம்னு கேட்டேன். ப்ளஸ் டூ பாடம். அக்டோபர்லயே.

சரி, கதைக்கு வரேன். மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் கணக்கு சார் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். என் மேல அக்கறை உள்ளவர், அதுதான் சிக்கலே. கத்தல, மிரட்டல. "நாளைக்கு ஃபுல் போர்ஷன் டெஸ்ட் வச்சிருக்கேன். நீ 200க்கு 200 எடுக்குற பையன். உங்க அப்பா என்ன வேலை பாக்குறார்னு எனக்குத் தெரியும். உனக்கு விளையாட்டெல்லாம் எதுக்குப்பா?" அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சரிங்க சார்னு வந்துட்டேன்.

கேப்டன் அண்ணன்கிட்ட போய்ச் சொல்லல. சொல்ல தைரியம் இல்ல. மறுநாள் காலையில ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் எனக்காக நின்னிருக்காங்க. அப்ப எங்க வீட்டுல ஒரே போன், அதையும் அப்பா எடுத்துட்டுப் போயிட்டார். ஏழு மணி வரைக்கும் பார்த்துட்டு, அண்ணன் ஒரு ஒன்பதாங்கிளாஸ் பையனை வீட்டுல இருந்து எழுப்பி, அவனுக்கு என்னோட ஜெர்சியைக் குடுத்துக் கூட்டிட்டுப் போனார். அரையிறுதியில ரெண்டு பாயிண்ட்ல தோத்தாங்க.

இதையெல்லாம் எனக்கு அந்த ஒன்பதாங்கிளாஸ் பையன்தான் பின்னாடி சொன்னான். ஜெர்சியைத் துவைச்சு, மடிச்சுக் கொண்டு வந்து குடுத்தான்.

நான் அன்னிக்கு டெஸ்ட் எழுதினேன். மூணு மணி நேரம். நல்லாத்தான் எழுதினேன்னு நினைக்கிறேன். நினைக்கிறேன்னு சொல்றதுக்குக் காரணம், அடுத்த வாரம் மழை. நாலு நாள் கலெக்டர் லீவ். அப்புறம் தீபாவளி. அப்புறம் இடைத்தேர்வு. அந்தப் பேப்பரைத் திருத்தித் தரவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் அதுல எனக்கு எத்தனை மார்க்னு தெரியாது.

இப்ப நீங்க கேக்கலாம், ஒரு டெஸ்ட் விடு, மொத்தமா அந்தப் படிப்பாலதானே நீ இன்ஜினியர்? ஆமா. அதை நான் மறுக்கல. மார்க்தான் எனக்குச் சோறு போடுது. எங்க வீட்டுல மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பணம் கிடையாது. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பதுன்னு 200க்குப் போடுற கட்-ஆஃப்ல ஒரு மார்க் போனாலும் காலேஜ் மாறும். "மார்க் முக்கியம் இல்ல, லைஃப்தான் முக்கியம்"னு ரீல்ஸ் போடுறவங்க பெரும்பாலும் மார்க் வாங்கினவங்களாவோ, அது இல்லாமலே சீட் கிடைச்சவங்களாவோ இருக்காங்க. ஆனா அந்தக் கட்-ஆஃப்ல ப்ளஸ் ஒன் மார்க் சேராது. அந்த டெஸ்ட் எதுலயுமே சேரல. நான் குடுத்தது ஒரு நாள்தான். ஆனா அந்த ஒரு நாள்ல என்னோடது மட்டும் போகல.

ஒரு ஸ்கூல் டெர்ம்ல நடக்குற எல்லாமே தனித்தனியா பார்த்தா நியாயமாத்தான் இருக்கும். என்.எஸ்.எஸ். முகாம் நல்லது. நாடகம் நல்லது. திறனறித் தேர்வுல பணமே கிடைக்கும். டெஸ்டும் தேவைதான். ஆனா அரையாண்டுக்கு அப்புறம் ரிவிஷனைத் தவிர எதுக்கும் இடம் இல்லைங்கிறதால, எல்லாத்தையும் ஜூலைக்கும் நவம்பருக்கும் நடுவுல அடைக்கிறாங்க. ஒருத்தர் தேதி வைக்கும்போது இன்னொருத்தர் தேதியைப் பார்க்கிறதில்ல. எங்க ஆபீஸ்ல ரெண்டு வாரத்துக்குள்ள முடியாத அளவுக்கு வேலையைப் போட்டா, யாராவது ஒருத்தர் கை தூக்கி "இதுல எதை எடுக்கிறோம்?"னு கேப்பாங்க. கேட்டதுக்காக யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, சரி, எங்க மேனேஜர் லேசா கோவிச்சுக்குவார். ஸ்கூல்ல அந்தக் கேள்வி பதினாறு வயசுப் பிள்ளை தலையில விழுது. அந்தப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்தாலும் யாராவது ஒரு பெரியவருக்கு அது துரோகம்.

கேப்டன் அண்ணனை மூணு வருஷம் முன்னாடி பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பார்த்தேன். ஆஃப்செட் மிஷின் ஆபரேட்டர். ரெண்டு பசங்க. ராட்டினம் பக்கத்துல நின்னு பேசிட்டு இருந்தோம். ஒரு கட்டத்துல தாங்க முடியாம கேட்டுட்டேன். "அண்ணே, அன்னிக்கு நான் வராம போனது..."

அவர் சிரிச்சார். "டேய், நீ வந்திருந்தாலும் தோத்திருப்போம்டா. அவனுங்க ஹாஸ்டல் டீம், தினமும் நாலு மணி நேரம் ஆடுறவனுங்க."

உண்மையா சொன்னாரா, எனக்காகச் சொன்னாரான்னு இன்னும் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு, சம்பந்தமே இல்லாம ஒண்ணு சொன்னார். "ஆனா நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தச் சின்னப் பையனை முந்தின நாளே கூட்டி வந்து பழக்கியிருப்பேன்."

அவர் என்னைப் பத்திச் சொன்ன ஒரே குறை அதுதான். நான் டெஸ்டுக்குப் போனதை அவர் தப்புன்னு சொல்லல. முந்தின நாள் சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாததைத்தான் சொன்னார். டீம்ல இருக்கிறதுன்னா என்னன்னு எனக்கு ஒழுங்கா புரிஞ்சது அந்த ராட்டினம் பக்கத்துலதான், 25 வயசுல. கடன் போன அந்த பி.டி. பீரியட்ல கத்துக்க வேண்டியது இதுவாத்தான் இருந்திருக்கும்.

தங்கச்சிகிட்ட இதை முழுசா சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அண்ணா, நான் கோல்கீப்பர். எனக்கு மாத்து ஆள் கிடையாது"ன்னா. அதோட முடிஞ்சுது விவாதம். அவ போறா. டியூஷன் சார்கிட்ட அவளே போய்ச் சொல்லிட்டாளாம், தனியா வேற நாள் எழுதுறேன்னு. அவர் இன்னும் பதில் சொல்லல. பேட்ச்சை விட்டு எடுத்தாலும் எடுப்பார். எடுத்தா வாரத்துக்கு மூணு நாள் வீடியோ கால்ல நான் கணக்கு சொல்லித் தரதா ஒத்துக்கிட்டேன். இன்டெக்ரேஷன் எனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதுக்கு நடுவுல நேத்து தூத்துக்குடியில மழை. மைதானத்துல தண்ணி நிக்குது, போட்டி சனிக்கிழமைக்குத் தள்ளிப் போயிருக்கு. சனிக்கிழமை காலையில நாடக ரிகர்சல். பாட்டி இல்லாம எப்படி நடத்துவாங்களோ.

பாக்கி இருக்கிறது சித்திதான். "அண்ணனைப் பாரு"ங்கிற அந்தக் கதையோட மீதிப் பாதியை நான்தான் சொல்லணும். சாயங்காலம் போன் பண்ணேன், "சீரியல் முடிஞ்சு பத்து மணிக்குப் பேசுடா"ன்னுட்டாங்க. இப்ப மணி ஒன்பதே கால். சித்திகிட்ட சொல்றதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கலாம்னு தோணுச்சு, அதான் மைக்கை ஆன் பண்ணேன். அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.