சொல்லாமல் ஆளும் எண்ணம்
(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

ஒரு ஸ்தாபனத்தின் ஒழுகலாறு எங்கே தங்கியிருக்கின்றது என்பதையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட எட்கார் ஷைன் என்பாரைப் பற்றிச் சில கூற முற்படுகின்றோம். 1928-ல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜூரிக் நகரிற் பிறந்த இவர், 1956-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்து, 1985-ல் தம் கொள்கையை நூலாக்கி, 2023-ல் காலமானார்.

கணினி செய்துவந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியார் 1966-ல் இவரை ஆலோசகராக அழைத்தனர். அங்கே கூட்டமெனின் ஒரே கூச்சல். ஒருவர் பேச்சை மற்றவர் இடைமறிப்பர். (அக்காலப் பள்ளியாயின் பிரம்பு வந்திருக்கும்!) ஷைன் நயமாகப் பேசும் முறையை எடுத்தோதினார். அனைவரும் நன்றி கூறிவிட்டு முன்போலவே கூச்சலிட்டனர். வாதத்தில் அடிபட்டுத் தப்பிய கருத்தே மெய் என்பது அவர்தம் உள்ளுறை நம்பிக்கை என்று பின்னரே அவருக்குப் புலனாயிற்று. அதன்பின் திருத்துவதை விடுத்து, கூச்சலிற் சிதறிய கருத்துக்களைப் பலகையிற் கட்டிய தாளில் எழுதலானார். கூட்டமும் பயன் தரலாயிற்று.

கண்ணுக்குத் தெரியும் வழக்கம், வாயாற் சொல்லும் கொள்கை, சொல்லாமலே யாவரும் மெய்யெனக் கொண்ட எண்ணம் என மூன்று படிகளை அவர் வகுத்தார். மூன்றாவதே ஆளுவது. தலைவர் எதனைக் கவனிக்கின்றார், எதற்குச் சினக்கின்றார் என்பதைக் கண்டே பிறர் அதனைக் கற்கின்றனர். அவர் சொற்பொழிவைக் கேட்டன்று.

நம் சங்கத்து விதிப்புத்தகத்தில் உறுப்பினர் யாவரும் பேசலாம் என்றே உளது. ஆயினும் சென்ற ஆண்டுக் கூட்டத்தில், கல்வி நிதிக் கணக்கைப் பற்றி வினவ ஓர் இளைஞர் எழுந்தபோது பெரியோர் சிலர் நகைத்தனர். யாமும் உடன் நகைத்தோம். அவர் அமர்ந்துவிட்டார். இவ்வாண்டு அவர் வரவில்லை. வினாவோ இன்னும் விடை பெறவில்லை. ஆதலின் செயலாளர் அவர்கள் அக்கணக்கை இன்றே இவ்வவையிற் படிக்குமாறு வேண்டி அமர்கின்றோம்.