முதலில் காற்று இறங்கட்டும், பிறகு ஆள் இறங்கட்டும்!

(மதுரை சிம்மக்கல்லில் கட்டிடத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கட்டிட வேலையில் உயிர்ச்சேதம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது சாரம்தான். உயரத்துக்குப் பயப்படத் தெரிந்த நமக்குப் பள்ளத்துக்குப் பயப்படத் தெரியவில்லை. சாரத்திலிருந்து விழுகிறவனைத் தெருவே பார்க்கிறது. மூடிய தொட்டிக்குள் சாய்கிறவனை யார் பார்க்கிறார்கள்?

நமது மதுரையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரல் 21 இரவு, பழங்காநத்தம் நேரு நகரில் மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டாரைப் பழுதுபார்க்கத் தொழிலாளர்கள் போனார்கள். ஒருவர் விஷவாயு தாக்கி விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போன இருவரும் விழுந்தார்கள். மூன்று பேரும் மாண்டார்கள். நாடெங்கும் இப்படித்தான் நடக்கிறது. முதலில் ஒருவன், அவனைத் தூக்க இன்னொருவன், அவர்கள் இருவரையும் தூக்க மூன்றாமவன்!

"அது சாக்கடை. நாங்கள் கட்டுவது புதுத் தொட்டி. அதில் ஏது விஷவாயு?" என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் மோசம் போகிறோம்.

புது செப்டிக் டாங்க் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேலே கான்கிரீட் போட்டாகிவிட்டது. ஆள் நுழைய ஒரு சின்ன வாய். உள்ளே சென்ட்ரிங் பலகையும் முட்டுக் கம்புகளும். தளத்துக்கு ஊற்றிய தண்ணீர் கீழே தேங்குகிறது. அப்படியே சில வாரம் மூடிக் கிடக்கிறது. ஈரப் பலகை மக்குகிறது, பூஞ்சணம் பூக்கிறது, தண்ணீர் அழுகுகிறது, இரும்பு துருவேறுகிறது. இவையெல்லாம் உள்ளே இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன.

வெளிக்காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு உண்டு. அது 19.5க்குக் குறைந்தால் ஆள் இறங்கக்கூடாது. 6க்குக் கீழே போனால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பும். பலகை பிரிக்க இறங்கியவனுக்குக் குரல் கொடுக்கவும் நேரம் இருக்காது.

"நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்பார் மேஸ்திரி. மூக்கை நம்பாதீர்கள். பிராணவாயு குறைந்ததை எந்த மூக்கும் சொல்லாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதே, அது காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே சிறிது நேரத்தில் மூக்கை மரக்கடித்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் நின்ற இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். காற்றைவிடக் கனமான வாயு அது. அடியிலே படுத்திருக்கும். வாய்க்கருகே நின்று முகர்ந்து பார்த்து என்ன பயன்?

கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் போதாது. விளக்கு எரிகிற காற்றிலும் விஷம் இருக்கலாம். சாக்கடைக் குழியில் மீத்தேன் சேர்ந்திருந்தால் அந்த விளக்கே குழியை வெடிக்க வைக்கும்.

ஆகவே என்ன செய்வது? மூடியை முன்னதாகவே திறந்து வையுங்கள். தேங்கிய தண்ணீரை வெளியே நின்றே இறைத்துவிடுங்கள். ஆனால் டீசல் என்ஜினைக் குழிக்குள் இறக்காதீர்கள், அதன் புகையே கொல்லும். ஊதுவிசிறி வைத்து, குழாய் வழியாக அடிமட்டம் வரை நல்ல காற்றைச் செலுத்துங்கள். வாயு அளக்கும் கருவியை மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்த்த பிறகே ஆள் இறங்க வேண்டும். வேலை முடியும் வரை விசிறி ஓட வேண்டும்.

இறங்குகிறவர் உடம்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே முக்காலியில் மாட்டியிருக்க வேண்டும். மேலே ஒரு காவலாள். அவருக்கு வேறு வேலை கூடாது. உள்ளே இருப்பவர் விழுந்தால் கயிற்றை இழுப்பதும், தீயணைப்புப் படையைக் கூப்பிடுவதும்தான் அவர் கடமை. அண்ணன் விழுந்தாலும், தம்பி விழுந்தாலும், அவர் இறங்கக்கூடாது! மூச்சுக்கருவி இல்லாமல் இறங்குகிறவன் யாரையும் மீட்பதில்லை, தானும் பிணமாகிறான்.

இதற்கெல்லாம் செலவு யாருடையது? வேலை கொடுப்பவருடையது. சாக்கடைக் குழியில் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, அவசரம் என்றாலும் குற்றமே என்று 2014ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சாக்கடைச் சாவுக்கு அன்று 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கட்டிடத் தொழிலாளருக்கு 1996ல் தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதைப் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கிவிட்டார்கள். சட்டத்தின் பெயர் மாறலாம், தொட்டிக்குள் இருக்கும் காற்று மாறாது. பாதுகாப்பான வேலையிடம் தருவது முதலாளியின் கடமை என்பதும் மாறவில்லை.

ஆனால் விடிகாலையில் ஆள் எடுக்கும் இடத்தில் நிற்கும்போது நிலைமை என்ன? "நீ இறங்காவிட்டால் இறங்க ஆள் இருக்கிறது" என்கிறார் காண்ட்ராக்டர். ஒருவன் மட்டும் மறுத்தால் அவனுக்கு அன்றைய கூலி போகும். அவன் இடத்தில் இன்னொருவன் இறங்குவான். கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆள் எல்லோரும் சேர்ந்து மறுத்தால்? விசிறி வந்து சேரும், கயிறும் வந்து சேரும்!

நாளைக் காலையிலிருந்து தொட்டி வேலை என்று யார் கூப்பிட்டாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். விசிறி எங்கே? வாயு பார்க்கும் கருவி எங்கே? மேலே நிற்கும் ஆள் யார்? பதில் வராவிட்டால் ஒருவரும் இறங்க வேண்டாம். கூலிக்கு நாம் விற்பது உழைப்பை. உயிரை அல்ல!