தோலின் நிறமும் வைத்தியரின் கணிப்பும்



பயிரின் நிறம் கண்டு நோயை ஊகிப்பவர் நாம். அனுபவம் தந்த அக்குறுக்குவழி பல வேளைகளில் உதவும். மனிதனின் நிறம் கண்டு மருத்துவம் அவ்வாறே ஊகித்தால் விளைவது யாது? அமெரிக்காவை நோக்குவோம்.

சிறுநீரகத்தின் இயக்கத்தை இரத்தப் பரிசோதனையினின்று கணிக்க 1999ஆம் ஆண்டில் அங்கு ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டது. நோயாளி கறுப்பினத்தவராயின் விடையை 1.18ஆற் பெருக்குமாறு அது விதித்தது. அவ்வினத்தவர்க்குத் தசை அதிகம் என்பதே கூறப்பட்ட நியாயம். எதிரே இருப்பவர் மெலிந்தவரா, பருத்தவரா என்று சூத்திரம் கேட்கவில்லை. பிறர்க்கு 18 எனக் காட்டிய அளவு, அவருக்கு 21 ஆயிற்று. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலமோ, அளவு 20க்கு இறங்கிய பின்னரே எண்ணப்படும். நோய் ஒன்றே, ஒருவர் வரிசையில் நின்றார், மற்றவர் வெளியே நின்றார்.

2021இல் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. 2023 முதல், இழந்த காத்திருப்புக் காலம் திருப்பி அளிக்கப்படலாயிற்று. அதற்குள் மாண்டோர்க்கு எதைத் திருப்பி அளிப்பது?

இக்கொடுமைக்கு வஞ்சக நெஞ்சம் தேவைப்படவில்லை. ஆராயாத எண்ணம் ஒன்றே போதுமாயிற்று. ஆதலின், ஆளைக் கண்டதும் எழும் முதல் எண்ணத்தைச் சோதித்த பின்னரே மருந்து எழுதுமாறு வைத்தியப் பெருமக்களை வேண்டுகின்றோம்.